அல்சைமர் வந்தா பேச்சு என்ன ஆகும்? எல்லாரும் கேக்கற கேள்விங்க, எனக்குத் தெரிஞ்ச பதில்கள்

எங்கம்மாவுக்கு அல்சைமர்னு சொன்ன அன்னிக்கு எல்லாரும் மறதியப் பத்தியே பேசினாங்க, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போகும்னு ஒருத்தர் கூட சொல்லல. அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் கூடவே இருந்து பாத்தேன். இப்ப அதே நிலைமைல இருக்கறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கறதையும், அன்னிக்கு நான் யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம முழிச்சதையும் சேத்து எழுதிருக்கேன். நான் டாக்டர் இல்ல, நியூராலஜிஸ்ட் ரூமுக்கு வெளிய நெறைய நேரம் உக்காந்திருந்தவன், அவ்ளோதான்.

இது ஞாபக மறதி நோய்தானே, பேச்சு எதுக்கு பாதிக்கணும்?

இந்த நோய் மூளைய ஒரே அடியா எல்லா இடத்துலயும் கெடுக்கறதில்ல, அதுக்குன்னு ஒரு வழி இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு ஹிப்போகாம்பஸ்லயும் அத ஒட்டின பகுதியிலயும் ஆரம்பிக்குது, புது விஷயத்த பதிய வெக்கற இடம் அது, அதான் நேத்து நடந்தது முதல்ல காணாமப் போகுது. அங்கேர்ந்து காதுக்கு உள்பக்கமா இருக்கற டெம்போரல் லோப், அதுக்கு மேல பின்பக்கம் இருக்கற பரைட்டல் லோப்னு பரவுது. எந்தப் பொருளுக்கு என்ன பேர், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பிடிச்சு வெக்கறதுல அந்தப் பகுதிங்களுக்குப் பெரிய பங்கு. நாக்கையும் தொண்டையையும் அசைக்கற பகுதிக்கு நோய் ரொம்ப லேட்டாதான் வருது. அதனாலதான் உச்சரிப்பு தெளிவா இருக்கும், குரல் அதே குரலா இருக்கும், உள்ள பேர் மட்டும் இருக்காது.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1901ல ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட் மனநல ஆஸ்பத்திரியில அகஸ்ட் டீட்டர்னு 51 வயசு அம்மா ஒருத்தங்கள சேத்தாங்க, அலோயிஸ் அல்சைமர்ன்ற டாக்டர் அவங்க பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டு எழுதி வெச்ச கேஸ் ஷீட் 1990கள்ல திரும்பக் கெடச்சுது. புருஷன் பேர் என்னன்னு கேட்டா தன் பேரையே சொல்றாங்க, பேர எழுதச் சொன்னா பாதியில நின்னு போகுது. 1907ல அவர் போட்ட கட்டுரையில, கப்புன்னு சொல்ல வராம பால் ஊத்தற சாமான்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தைய அந்த அம்மா சொன்னதும் இருக்கு. அதாவது இந்த நோய்க்கு அல்சைமர்னு பேரே வெக்கறதுக்கு முன்னாடி, 1910ல க்ரேபெலின்னு ஒரு ஜெர்மன் மனநல டாக்டர் தன் பாடப்புத்தகத்துல அந்தப் பேர போடறதுக்கு முன்னாடியே, பேச்சு போறது எழுதி வெச்சாச்சு. அப்புறம் ஏன் நம்மகிட்ட மறதி மறதின்னு மட்டும் சொல்றாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

எனக்கும்தான் பேரெல்லாம் மறக்குது, நாக்கு நுனியில நிக்குது. பயப்படணுமா?

நுனியில நிக்குதுன்னா பெரும்பாலும் பயப்பட வேணாம். வயசானா எல்லாருக்கும் அது கூடும், அதுவும் ஆளுங்க பேர்தான் அதிகம் சிக்கும். குளிக்கும்போது திடீர்னு வந்துடும், இல்ல யாராவது முதல் எழுத்த சொன்னா டக்குனு பிடிச்சுக்குவோம். ஏன்னா பேர் உள்ள பத்திரமாதான் இருக்கு, எடுக்கத்தான் நேரமாகுது.

கவனிக்க வேண்டியது, நடிகர் பேர் மறந்தாங்களான்னு இல்ல, குடை, கரண்டி, சீப்புன்னு தெனம் புழங்கற வார்த்தையே வராம போகுதான்னு. முதல் எழுத்த எடுத்துக் குடுத்தாலும் பெருசா ஒதவாது. இன்னொண்ணு, நமக்கு வார்த்தை வரலேன்னா எரிச்சலா இருக்கும்ல, நோய் முத்த முத்த அந்த எரிச்சல் கொறைஞ்சு போகும், தப்பான வார்த்தைய சொல்லிட்டு அது தப்புன்னே தெரியாம போயிட்டே இருப்பாங்க. மாசக் கணக்குல இப்படி கூடிக்கிட்டே வந்தா டாக்டர பாருங்க. தைராய்டு, பி12 கொறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைங்க, இதெல்லாம் கூட இப்படி பண்ணும், அதுல பலதும் சரி பண்ணக் கூடியது, அதனால நாமளே அல்சைமர்னு முடிவு கட்டிட வேணாம்.

சரி, வரிசையா என்ன போகும்?

ஆளுக்கு ஆள் மாறும், ஆனா ரொம்பப் பேர்கிட்ட பாக்கற வரிசை ஒண்ணு இருக்கு. முதல்ல பெயர்ச்சொல். அந்த எடத்துல அது, இது, அந்தது, அங்க, அவன்னு சுட்டுச்சொல்லா வந்து விழும். "அந்தத எடுத்து அதுல வெச்சுட்டு வாயேன், அவன் வந்தா குடுக்கணும்", இப்படி ஒரு முழு வாக்கியம் வரும், கேக்க ஒழுங்கா இருக்கும், ஆனா உள்ள ஒரு பொருள் கூட இருக்காது. இதுக்கு டாக்டருங்க வெத்துப் பேச்சுன்னு அர்த்தம் வர்ற ஒரு பேர் வெச்சிருக்காங்க, எனக்கு அந்தப் பேர் சுத்தமா பிடிக்காது, ஏன்னா பேசறவங்களுக்கு அது வெத்து இல்ல, அவங்க எதையோ கரெக்டா சுட்டிக் காட்டறாங்க, நமக்குத்தான் அது தெரியல.

அடுத்தது சுத்தி வளைச்சு சொல்றது. கடிகாரத்துக்கு "மணி பாப்போமே அது". அப்புறம் பக்கத்து வார்த்தைய எடுத்துடுவாங்க, சட்டைக்கு துணின்னு, பூனைக்கு நாய்னு. கவனிச்சா தெரியும், தப்பா சொன்னாலும் அதே இனத்துக்குள்ளதான் சுத்துவாங்க. இன்னும் போனா எல்லாம் பொது வார்த்தை ஆயிடும், குருவி, காக்கா, கிளி எல்லாம் வெறும் பறவை, அப்புறம் அதுவும் "பறக்குமே"ன்னு ஆகும். பெரிய அலமாரிய அடித்தட்டுல இருந்து இல்லாம மேல் தட்டுல இருந்து காலி பண்ற மாதிரி, நுணுக்கமானது முதல்ல போகுது, பொதுவானது கடைசியா போகுது.

இதோட சேந்து பேச்சு நூல் விட்டுப் போகும். ஆரம்பிச்ச கதை வேற, முடியற கதை வேற. வாக்கியம் நடுவுல நின்னுடும். அப்புறம் வாக்கியம் குட்டையாகி, துண்டு துண்டாகி, அடிக்கடி சொல்ற நாலஞ்சு தொடர் மட்டும் மிஞ்சும்.

ஆனா எங்கப்பா சரளமா பேசறாரே, இலக்கணம் கூட தப்பல. அப்ப லேசுதானே?

இங்கதான் நெறைய குடும்பம் ஏமாறுது, நாங்களும் ஏமாந்தோம். வந்தான், வந்தாங்க, வந்துச்சுன்னு விகுதி எல்லாம் சரியா விழும், வேற்றுமை உருபு சரியா ஒட்டும், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு நிமிஷம் பேசிட்டு "நல்லாத்தானே இருக்காங்க"ன்னு போயிடுவாங்க. இலக்கணம் ரொம்பப் பழகின பாதை, அது நெறைய நாள் தாங்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் ஐரிஸ் மர்டாக், இங்கிலாந்துல இருந்த நாவலாசிரியர். கடைசி நாவல் 1995ல வந்துச்சு, அல்சைமர்னு தெரிஞ்சது 1997ல, 1999ல இறந்துட்டாங்க. 2005ல ஆராய்ச்சியாளருங்க அவங்களோட ஆரம்ப கால நாவல் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசி நாவல் மூணையும் எடுத்து வார்த்தை வார்த்தையா எண்ணினாங்க. வாக்கிய அமைப்புல பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா கடைசி நாவல்ல வார்த்தை வகை சுருங்கியிருந்தது, எல்லாரும் சாதாரணமா புழங்கற வார்த்தைங்களா நெறைஞ்சிருந்தது. யாருக்கும் நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே!

அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரொனால்ட் ரீகன் விஷயமும் இதே மாதிரிதான். தனக்கு அல்சைமர்னு அவர் வெளிய சொன்னது 1994ல, பதவிய விட்டு அஞ்சு வருஷம் கழிச்சு. 2015ல அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க அவர் பதவியில இருந்தப்ப பிரஸ் மீட்ல எழுதி வெக்காம சொன்ன பதில்களை வரிசையா பாத்தாங்க, போகப் போக புது வார்த்தை கொறைஞ்சு, "அந்த விஷயம்" மாதிரி பொத்தாம் பொதுவான சொல்லும், இழுவை சத்தமும் கூடியிருந்தது. அப்பவே நோய் இருந்ததுன்னு இத வெச்சு சொல்லிட முடியாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, நாமளும் அதோட நிறுத்திக்கணும்.

ஒரே கேள்விய இருபது தடவ கேக்கறாங்க, இது பேச்சுக் கோளாறா?

இல்ல, அது ஞாபகம். கேட்டதும் பதில் வந்ததும் பதியல, அதனால அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை. "இப்பதானே சொன்னேன்"னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது. பல சமயம் கேள்விக்குப் பின்னாடி ஒரு கவலை இருக்கும், "மணி என்ன"ன்னா "என்ன விட்டுட்டு எப்ப போவ"ன்னு அர்த்தமா இருக்கலாம், அத கண்டுபிடிச்சு அதுக்குப் பதில் சொன்னா கொஞ்ச நேரம் நிக்கும்.

டாக்டர் ஏன் மிருகம் பேரெல்லாம் சொல்லச் சொல்றாரு? ஸ்கூல் பரீட்சை மாதிரி இருக்கே?

ஒரு நிமிஷத்துல எத்தனை மிருகம் சொல்ல முடியும்ன்றது ரொம்ப எளிமையான டெஸ்ட், ஆனா நெறைய சொல்லிடும். அதே ஒரு நிமிஷத்துல "க"வுல ஆரம்பிக்கற வார்த்தை சொல்லுன்னு இன்னொண்ணும் கேப்பாங்க. அல்சைமர்ல பொதுவா மிருகம் சொல்றதுதான் அதிகமா அடி வாங்கும், ஏன்னா அதுக்கு அர்த்தக் கிடங்குக்குள்ள போய் இனம் பிரிச்சு எடுக்கணும், எழுத்துக்கு அவ்ளோ ஆழம் போக வேணாம்.

1975ல இருந்து உலகம் பூரா புழங்கற எம்எம்எஸ்இன்ற ஞாபகம், யோசனை எல்லாம் பாக்கற சின்ன டெஸ்ட்ல பென்சிலையும் வாட்சையும் காட்டி இது என்னன்னு கேப்பாங்க, ஒரு தொடர திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க, மனசுல தோணற ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுவாங்க. பாஸ்டன் நேமிங் டெஸ்ட்ல 60 கோட்டுப் படம், சுலபமான பொருள்ல ஆரம்பிச்சு கஷ்டமானதுக்குப் போகும். இன்னொரு படம் இருக்கு, அம்மா பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க, தொட்டி நெறைஞ்சு தண்ணி வழியும், பின்னாடி பசங்க ஸ்டூல்ல ஏறி பிஸ்கட் திருடுவாங்க, ஸ்டூல் சாயும். என்ன நடக்குதுன்னு சொல்லச் சொன்னா நோய் இருக்கறவங்க ஒரு பையன், ஒரு பொண்ணுன்னு தனித்தனியா சொல்லிட்டு நிப்பாங்க, தண்ணி வழியறதையும் அந்த அம்மா கவனிக்காததையும் சேத்து கோக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க: எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க, வீட்டுல என்ன மொழி, காது எப்படி, கண்ணு எப்படி. படிக்காதவங்கள படிச்சவங்களுக்கான டெஸ்ட்ல உக்கார வெச்சா மார்க் கொறையத்தான் செய்யும், அது நோய் இல்ல.

நாம பேசறது அவங்களுக்குப் புரியுதா இல்லையா?

இதுக்குத்தான் நெஜமா நீளமா பதில் சொல்லணும். ஆரம்பத்துல பெரும்பாலும் புரியும், ஆனா நீளம் தாங்காது. நம்ம மொழியில ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, யாரு எதுன்ற முக்கியமான சமாச்சாரத்த கடைசியில வெப்போம். "நேத்து நாம போய் பாத்துட்டு வந்த டாக்டர் எழுதிக் குடுத்த அந்த வெள்ளை மாத்திரைய எங்க வெச்ச?" மாத்திரைன்ற வார்த்தை வர்ற வரைக்கும் முன்னாடி வந்த அத்தனையையும் தலையில தூக்கி வெச்சுட்டு நிக்கணும். அந்தத் தூக்கி வெக்கற சக்திதான் இந்த நோய்ல சீக்கிரமே போகுது. அதையே ஒடைச்சு, "டாக்டர பாத்தோம்ல. மாத்திரை குடுத்தாரு. வெள்ளை மாத்திரை. அது எங்க?" அப்படின்னா புரியறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். எனக்கு இது தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு, அது வரைக்கும் சத்தமா சொன்னா புரியும்னு கத்திட்டு இருந்தேன்.

அப்புறம் மறைமுகமா சொல்றது. கிண்டல், குத்தல், பழமொழி, எல்லாம் நேரடி அர்த்தத்துல எடுத்துக்குவாங்க. "நல்லா பண்ணின போ"ன்னு எரிச்சல்ல சொன்னா பாராட்டுன்னு நெனச்சு சிரிப்பாங்க. "கொஞ்சம் கையக் கடிக்குது"ன்னா கைய பாப்பாங்க. "காத்து வரலையே"ன்னா ஜன்னல தொறக்கணும்னு தோணாது, ஜன்னல தொறன்னு சொல்லணும்.

ஆமா இல்லைய நம்பாதீங்க. நடுக்கட்டத்துக்கு மேல ஆமான்னு சொல்றது பல நேரம் "நீ ஏதோ கேட்ட, நான் மரியாதையா பதில் சொன்னேன்" அவ்ளோதான். கேட்டுட்டு அந்தப் பொருளையும் காட்டுங்க, கண்ணு அது மேல போகுதான்னு பாருங்க.

இதுல எல்லாத்துக்கும் முன்னாடி காத டெஸ்ட் பண்ணுங்க. புரியலன்னு நாம நெனைக்கறதுல ஒரு பங்கு கேக்கலன்றதுதான். நடு வயசுல காது மந்தமாகறது டிமென்ஷியாவுக்கான (அல்சைமர் மாதிரி ஞாபகமும் யோசனையும் தேயற நோய்ங்களுக்குப் பொதுப் பேர்) ஆபத்துக் காரணங்கள்ல ஒண்ணுன்னு லான்செட்ன்ற மருத்துவப் பத்திரிகை அமைச்ச நிபுணர் குழு 2017ல இருந்து சொல்லிட்டு வருது. ஹியரிங் எய்டு வாங்கி டிராயர்ல போட்டு வெச்ச வீடு எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா.

பேப்பர் சத்தமா படிக்கறாங்க, ஆனா என்ன படிச்சன்னு கேட்டா தெரியல?

எழுத்த ஒலியாக்கறது வேற வேலை, அர்த்தம் எடுக்கறது வேற வேலை. முதல் வேலை ரொம்ப நாள் நிக்கும், அதுவும் எழுத்துக்கு ஏத்த ஒலின்னு ஓடற மொழியில படிக்கறது இன்னும் சுலபம். அதனால சத்தமா படிக்கறத வெச்சு புரியுதுன்னு முடிவு பண்ண வேணாம், ஆனா படிக்கறத நிறுத்தவும் வேணாம், அவங்களுக்கு அது பிடிச்சிருந்தா படிக்கட்டும். கதவுல "குளியலறை"ன்னு ஒட்டறது ஒரு கட்டம் வரைக்கும் நல்லா வேலை செய்யும், கூடவே படமும் ஒட்டிடுங்க.

எழுத்து முன்னாடியே கெடும். ஒலிக்கு ஏத்த மாதிரி எழுதிடுவாங்க, எந்த எழுத்துன்னு தனியா ஞாபகம் வெக்க வேண்டிய எடத்துல தப்பு விழும். நம்ம எழுத்துல அப்படிப்பட்ட எடம் ர ற, ல ள ழ, ந ன ண. வாழ்நாள் பூரா தப்பில்லாம எழுதினவங்க இதுல தடுமாற ஆரம்பிச்சா கவனிங்க (எப்பவுமே தப்பா எழுதறவங்கள விட்டுடுங்க, அது நம்மள்ல பாதிப் பேர்). செக் கையெழுத்து மாறுதுன்னு பேங்க்ல சொல்றதும் பல வீட்டுல ஆரம்ப அறிகுறியா இருந்திருக்கு.

ரெண்டு மொழி தெரிஞ்சவங்களுக்கு நோய் லேட்டா வருமாமே?

அறிகுறி லேட்டா வெளிய தெரியுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. கனடாவுல டொரன்டோவுல எல்லன் பியாலிஸ்டாக் குழு 2007ல கிட்டத்தட்ட 4 வருஷம் தள்ளிப் போகுதுன்னு சொன்னாங்க. 2013ல ஹைதராபாத்ல சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகள வெச்சு பாத்ததுல சுமார் நாலரை வருஷம் தள்ளி வந்தது, பள்ளிக்கூடமே போகாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் இருந்ததுதான் அதுல பெரிய விஷயம், ஏன்னா படிப்பாலதான் தள்ளிப் போச்சுன்னு சொல்ல முடியாது பாருங்க. ஆனா நோய் இல்லாதவங்கள வருஷக் கணக்கா பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல இது அவ்ளோ தெளிவா வரல. அதனால பேரனோட சேந்து புது மொழி கத்துக்கலாம், தப்பில்ல, ஆனா அது தடுப்பூசி இல்ல.

வந்ததுக்கு அப்புறம் எந்த மொழி முதல்ல போகும்னா, ரெண்டுமே தேயும், ஆனா லேட்டா கத்துக்கிட்டது, கொறைச்சலா புழங்கினது பல பேருக்கு சீக்கிரம் நழுவும். இன்னொரு தொல்லை, எதிர்ல இருக்கறவங்களுக்கு எந்த மொழி தெரியும்னு பாத்து மாத்திப் பேசற புத்தி மங்கிடும், ஒரு மொழி மட்டும் தெரிஞ்ச நர்ஸ்கிட்ட இன்னொரு மொழியில பேசிட்டு பதில் வரலன்னு கோவப்படுவாங்க. ஹோம்ல சேக்கறதா இருந்தா அவங்க தாய்மொழி பேசற ஆள் ஒருத்தராவது இருக்காங்களான்னு கேட்டுட்டு சேருங்க.

என்னையே அம்மான்னு கூப்பிடறாங்க. என்ன மறந்துட்டாங்களா?

பேர் போச்சு, உறவு முறைச் சொல் போச்சு, ஆனா "என்னைப் பாத்துக்கற ஆள், நம்பிக்கையான ஆள்"ன்ற எடம் போகல. அந்த எடத்துக்கு அவங்களுக்குக் கெடச்ச வார்த்தை அம்மா. எனக்கு அது வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன், ஆனா யோசிச்சுப் பாத்தா அத விட பெரிய பேர் அவங்ககிட்ட இல்ல.

தப்பா சொன்னா திருத்தலாமா?

விஷயம் புரிஞ்சுடுச்சுன்னா விட்டுடுங்க. "செருப்ப எடு"ன்னு சொல்லிட்டு குடைய காட்டினா குடைய எடுத்துக் குடுங்க, "இதுக்குப் பேர் குடை, சொல்லு பாப்போம்"னு வாத்தியார் ஆகாதீங்க. விஷயம் புரியலன்னா மட்டும் கேளுங்க, அதுவும் "என்ன சொல்ற?"ன்னு இல்ல, "எங்க இருக்கு, காட்டு", "குடிக்கறதா, போட்டுக்கறதா"ன்னு. வார்த்தைக்காக தவிக்கும்போது உடனே எடுத்துக் குடுக்கணுமா வேணாமான்னு பெரிய விவாதமே உண்டு, என் அனுபவத்துல ஒரு அஞ்சாறு நொடி சும்மா இருங்க, முகத்துல தவிப்பு தெரிஞ்சா குடுங்க. விருந்தாளிங்க வந்து "நான் யாரு சொல்லுங்க பாப்போம்"னு கேக்கறாங்களே, அவங்கள வாசல்லயே நிறுத்தி சொல்லிடுங்க, உள்ள போனதும் உங்க பேரையும் யாருன்றதையும் நீங்களே சொல்லிடணும்னு.

அப்ப எப்படித்தான் பேசறது?

டிவிய அணைங்க. இத முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ரெண்டு சத்தத்துல ஒண்ண மட்டும் பிரிச்சு கேக்கறது அவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். எதிர்ல போய், அவங்க கண் மட்டத்துக்கு உக்காந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பாத்ததுக்கு அப்புறம் பேசுங்க. ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம். "என்ன வேணும்?"னு கேட்டா உலகத்துல இருக்கற எல்லா வார்த்தையிலயும் தேடணும், "தண்ணி வேணுமா?"ன்னா தலைய ஆட்டினா போதும். அவன், அதுன்னு நாம சொல்லக் கூடாது, பேரையே சொல்லணும், அவங்க சுட்டுச்சொல்லுல பேசறாங்கன்னா அது கைவசம் இருக்கறதால, புரியறதால இல்ல. ஒரு தடவ சொன்னது புரியலன்னா அதே வார்த்தையில இன்னொரு தடவ சொல்லுங்க, நாம உடனே வேற மாதிரி மாத்தி சொல்லுவோம், அவங்களுக்கு அது புதுக் கேள்வி.

ஆச்சரியமான விஷயம் ஒண்ணு, இழுத்து இழுத்து ரொம்ப மெதுவா பேசறது ஒதவறதில்லன்னு ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க. வாக்கியம் முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்துடுது. சாதாரண வேகத்துல குட்டை வாக்கியம், நடுவுல இடைவெளி, அதான் சரி. அதே மாதிரி கொழந்தைகிட்ட கொஞ்சற குரல்ல "என் செல்லம், சாப்பிடுவோமா, சமத்து"ன்னு பேசினா ஒத்துழைக்கறது கொறையுது, தள்ளி விடறதும் கத்தறதும் கூடுதுன்னு நர்சிங் ஹோம்ல வீடியோ எடுத்து பாத்திருக்காங்க. வார்த்தை போனாலும் தன்னை மட்டம் தட்டறது நல்லாவே தெரியுது.

நல்ல மனுஷி, இப்ப கெட்ட வார்த்தையா வருது. ஏன்?

பழகிப் போன, யோசிக்காம வர்ற பேச்சு தனி வழியில ஓடுது. ஒண்ணு ரெண்டு மூணு எண்றது, கிழமை சொல்றது, மனப்பாடப் பாட்டு, வணக்கம், பரவால்ல, அப்புறம் திட்டு. யோசிச்சுப் பேசற பேச்சு போனாலும் இது மிஞ்சும். அடக்கி வெக்கற பகுதியும் தளர்ந்துடும், அவ்ளோதான், உள்ள இத்தனை நாள் ஒளிச்சு வெச்ச மனசுன்னு எல்லாம் நெனைக்காதீங்க. இதுக்கு நல்ல பக்கமும் உண்டு, ஒரு வாக்கியம் சேந்தாப்ல சொல்ல முடியாதவங்க பழைய பாட்டு மூணு வரி வார்த்தை தவறாம பாடுவாங்க. குளிப்பாட்டும்போது பாடிக்கிட்டே பண்ணினா வேலை சுலபமா நடக்கும், நான் சொல்றது என் கழுதைக் குரல வெச்சு.

மாத்திரை, ஸ்பீச் தெரபி எதாவது பலன் இருக்கா?

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் இதெல்லாம் சில பேருக்கு கொஞ்ச காலம் நெலைமைய பிடிச்சு வெக்கும், போன வார்த்தைய திருப்பிக் கொண்டு வராது. புதுசா வந்த லெக்கனெமாப் மருந்துக்கு அமெரிக்காவுல 2023ல முழு அனுமதி கெடச்சுது, ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும்தான், பதினெட்டு மாச சோதனையில மருந்து இல்லாதவங்கள விட சரிவு 27 சதவீதம் கொறைவு, அதாவது நிக்கல, மெதுவாச்சு. அந்த மருந்தால மூளை வீக்கம், கசிவு வருதான்னு அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கணும்.

ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட ஆரம்பத்துலயே போங்கன்னு சொல்லுவேன், அவங்க நோயாளிக்கு எவ்ளோ சொல்லித் தர்றாங்களோ அத விட நமக்கு அதிகம் சொல்லித் தருவாங்க. குடும்பப் படம், பேர், புடிச்சது எல்லாம் போட்டு ஒரு ஞாபகப் புத்தகம் பண்ணச் சொல்லுவாங்க, பேச்சுக்கு அது நல்ல ஊன்றுகோல். பின்னாடி முழுங்கறதுல பிரச்சினை வரும்போதும் பாக்க வேண்டிய ஆள் அவங்கதான்.

நேத்து வரைக்கும் பேசினாங்க, இன்னிக்கு திடீர்னு குழறுது?

இத அல்சைமர் கணக்குல எழுதாதீங்க. அல்சைமர் மாசக் கணக்குல, வருஷக் கணக்குல எறங்கும், ஒரே நாள்ல இல்ல. வாய் கோணி, ஒரு பக்கம் கை தளர்ந்து, பேச்சு குழறினா பக்கவாதமா இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ். ரெண்டு நாள்ல குழப்பம் கூடி ஒளற ஆரம்பிச்சா யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, தண்ணி வத்தினது, புது மாத்திரை, மலச்சிக்கல் கூட காரணமா இருக்கும், அன்னிக்கே டாக்டர பாருங்க.

மறதியே இல்லாம பேச்சு மட்டும் முதல்ல போகுமா?

போகும், அபூர்வமா. லோகோபெனிக்னு ஒரு வகை, 2004ல தனியா பிரிச்சு சொன்னாங்க. வார்த்தை தேடித் தேடி நின்னு நின்னு பேசுவாங்க, ஒரு நீள வாக்கியத்த சொல்லி திருப்பிச் சொல்லச் சொன்னா முடியாது, மத்தபடி ஆபீஸ் கணக்கெல்லாம் ஞாபகமா இருக்கும். பெரும்பாலும் அடியில இருக்கறது அல்சைமர் நோய்தான், வழக்கமான எடத்துல ஆரம்பிக்காம இடது பக்க மூளையில ஆரம்பிச்சிருக்கும். அறுபது வயசுக்குக் கீழ வர்றவங்களும் உண்டு, டென்ஷன்னு சொல்லி ரொம்ப நாள் அலைய விடறதும் உண்டு.

சின்ன வயசு எழுத்தப் பாத்தே அல்சைமர் வருமான்னு சொல்லிடலாமாமே?

அமெரிக்காவுல கன்னியாஸ்திரிகள் ஆய்வுன்னு பேர் வாங்கினது அது, டேவிட் ஸ்னோடன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1986ல ஆரம்பிச்சது, 678 பேர் சேந்தாங்க. அதுல 93 பேர் சராசரி 22 வயசுல மடத்துல சேரும்போது எழுதின சுயசரிதை கெடச்சுது, எத்தனை வார்த்தைக்குள்ள எத்தனை கருத்து அடைஞ்சிருக்குன்னு எண்ணினாங்க, கருத்து கொறைவா எழுதினவங்களுக்கு வயசான காலத்துல அல்சைமர் அதிகம் இருந்தது. 1996ல வெளிவந்துச்சு. காரணமா விளைவான்னு இத வெச்சு சொல்ல முடியாது, உங்க பழைய டைரிய எடுத்து எண்ணிட்டு தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க.

கடைசியில பேச்சு முழுசா போயிடுமா?

பெரும்பாலும் போகும். நோயோட கட்டத்த அளக்கற ஃபாஸ்ட் அளவுகோல்ல ஏழாவது கட்டம் கடைசி, அதுல முதல் படியே ஒரு நாள் பூரா சேத்து ஆறேழு வார்த்தைக்கு மேல இல்லன்றது, ரெண்டாவது படி ஒரே ஒரு வார்த்தை. அந்த நேரத்துல சில பேர் நாம சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுவாங்க, சில பேர் ஒரு அசைய பிடிச்சுக்கிட்டு அதையே ஓட்டுவாங்க. வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, அதனால மூச்சு, முனகல், முகம், ஒடம்பு எறுக்கம், தொட்டா அடங்கறாங்களா, இந்த அஞ்ச பாத்து வலிய கணிக்க பெயினாட்னு ஒரு அளவு இருக்கு, நர்ஸ்கிட்ட கேட்டு கத்துக்குங்க.

எங்கம்மாகிட்ட கடைசி ஏழு மாசம் இருந்தது "சரி" மட்டும்தான். புதுசா வந்த நர்ஸ் எல்லாத்துக்கும் சரின்றாங்களேன்னு வேணாத பக்கம் திருப்பிப் படுக்க வெச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ஒரு அட்டையில எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டினேன்: குட்டையா சொன்னா வேணும். இழுத்து எறக்கி சொன்னா வேணாம். ரெண்டு தடவ அடுத்தடுத்து சொன்னா வலிக்குது. மேல தூக்கி சொன்னா, யாரோ வந்திருக்காங்க, யாருன்னு சொல்லுங்க.